வாந்தி மாத்திரைதானே!

கெடாவில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒவ்வொரு மரியாதை உண்டு. பிரஷர் மாத்திரை என்றால் பயம். "தினமும் முழுங்கினா கிட்னி போயிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பி, இரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கும்போதே அதைத் தொடாமல் இருப்பவர்கள் சுங்கை பட்டாணி தாமான்களில் ஏராளம். இனிப்புநீர் மாத்திரை என்றால் பேரம். பாகற்காய்ச் சாறு குடித்த நாளில் அதில் ஒன்று குறையும். வாந்தி மாத்திரைக்கு மட்டும் பயமும் கிடையாது, பேரமும் கிடையாது. ஐஸ்பெட்டிக் கதவிலோ சாமி மேடைக்குக் கீழே உள்ள பிஸ்கட் டின்னிலோ பாதி தீர்ந்த பட்டையாக அது கிடக்கும். பேரனுக்கு வயிறு கெட்டபோது கிளினிக்கில் கொடுத்தது, தாத்தாவின் கிறுகிறுப்புக்கும், அத்தை பாலிங்கிலிருந்து பஸ் ஏறுவதற்கும், கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத ராத்திரிக்கும் கை மாறும். யாராவது தயங்கினால் பதில் தயாராக இருக்கும்: "வாந்தி மாத்திரைதானே, ஒன்னும் செய்யாது."

இந்தப் பதில் தவறு. சற்றே மிகைப்படுத்திய நம்பிக்கை என்று விட்டுவிடவும் முடியாது. அந்த மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது, எத்தனை நாள் சாப்பிடலாம், யாருக்கு ஆகாது, எதை மறைத்துவிடும் என்ற நான்கு விஷயத்திலும் அது தவறு.

முதலில் இந்த நம்பிக்கை வந்த வழியைப் பார்க்கலாம், ஏனென்றால் அது முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் கொடுத்த மருந்துக்கு நோயாளி பெயர் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருந்ததில்லை. ஹென்றியேட்டா, டப்ளின், விக்டோரியா தோட்டங்களில் லயத்தில் இருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் டிரஸ்ஸருக்குத் தெரியும். எந்தக் கிழவிக்கு எது ஒத்துக்கொள்ளாது, எந்தப் பெண் மாசமாக இருக்கிறாள், யார் நேற்றுக் கள்ளுக்கடையிலிருந்து விழுந்து விழுந்து வந்தான் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருந்தது. அந்தப் பணிக்கென்றே 1965-ல் தனிப் பதிவுச் சட்டம் வந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனையானது, பிள்ளைகள் கூலிம் ஹைடெக் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள், குடும்பம் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அதே குடும்பத்துக்கு மகனின் கம்பெனி பேனல் கிளினிக் ஒன்று, இனிப்புநீருக்கு ஒரு ரிங்கிட் கட்டிப் போகும் அரசு கிளினிக் ஒன்று, ராத்திரி அவசரத்துக்குக் கடைவீதிக் கிளினிக் இன்னொன்று. மூன்று இடத்திலும் மருந்து கிடைக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஆள் இல்லை. டிரஸ்ஸர் போய்விட்டார், அவர் மேல் வைத்த நம்பிக்கை மட்டும் பிளாஸ்டிக் பையின் மேல் ஒட்டிக்கொண்டது.

இனி மாத்திரைக்கு வருவோம். வாந்தி வயிற்றில் நடப்பதால் மருந்தும் வயிற்றில்தான் வேலை செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். வாந்தியைத் தொடங்கி வைப்பது மூளைத்தண்டு. அதன் அருகே, இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று நுகர்ந்து பார்க்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்தி கொண்டு போகிறது. மெட்டோகுளோப்ரமைடும் புரோகுளோர்பெரசினும் அந்தச் செய்தியை மறிக்கின்றன. மாக்சலான், ஸ்டெமெட்டில் என்ற வணிகப் பெயர்களில் மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமானவை இவைதாம். மெட்டோகுளோப்ரமைடு இரைப்பையையும் வேகமாகக் காலியாக்கும், ஆனால் அதோடு நிற்பதில்லை. மூளைக்குள் டோபமைன் செய்யும் இன்னொரு முக்கியமான வேலை, உடலசைவை ஒழுங்கு செய்வது. வாந்திக்காக உள்ளே போன மருந்து அந்த இடத்தையும் தொடுகிறது.

ஸ்டெமெட்டிலின் சொந்தபந்தம் தெரிந்தால் பலர் திடுக்கிடுவார்கள். 1950-களின் தொடக்கத்தில் மனநோய் மருத்துவத்தையே மாற்றிய குளோர்ப்ரோமசினின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மனச்சிதைவு நோய்க்கு அதே புரோகுளோர்பெரசினைப் பெரிய அளவில் கொடுப்பது உண்டு. இதனால் அது கெட்ட மருந்து ஆகிவிடாது. உள்காதுக் கோளாறால் வீடே சுற்றுகிறவருக்கு இரண்டு மூன்று நாள் அது கொடுக்கும் நிம்மதிக்கு விலை கிடையாது. ஆனால் மனநோய் மருந்தின் உடன்பிறப்பைப் பாலிங் பஸ்ஸுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவர் யாராவது இருப்பாரா?

பக்க விளைவுகளில் மிகப் பயங்கரமாகத் தெரிவதும் மிக எளிதில் தீர்வதும் ஒன்றேதான். மருந்து உள்ளே போன முதல் ஒன்றிரண்டு நாளில், பெரும்பாலும் இளம் வயதினருக்கு, திடீரென்று கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கண்மணி மேலே ஏறி நிலைகுத்தி நிற்கிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது, சிலருக்கு முதுகு வில்லாக வளைகிறது. அத்தனையும் நடக்கும்போது நினைவு தெளிவாகவே இருக்கும். சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும், பதில் சொல்ல வாய் வராது. மெட்டோகுளோப்ரமைடை வழக்கமான அளவில் சாப்பிடும் பெரியவர்களில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இப்படி நேரலாம் என்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. பிள்ளைகளிடமும் 30 வயதுக்கு உட்பட்டவர்களிடமும் இன்னும் கூடுதலாக நேரும் என்றும் அது சொல்கிறது.

இந்தக் காட்சியைத் தோட்டத்தில் வளர்ந்த எவரிடம் சொன்னாலும் அவருக்கு மருந்து நினைவுக்கு வராது. பதினாறு வயதுப் பெண், நேற்றுவரை நன்றாக இருந்தவள், கண் மேலே சொருகி, கழுத்து திருகி, நாக்கு நீட்டி நிற்கிறாள் என்றால் முனியாண்டி கோயில் பூசாரியைத்தான் கூப்பிடத் தோன்றும். வேப்பிலை வரும், விபூதி வரும், எலுமிச்சை வரும். அக்கம்பக்கத்து மலாய்க்காரர் நல்ல மனதோடு ஒரு போமோவின் பெயரையும் சொல்வார். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்து கழுத்து தானாகத் திரும்பினால் பெயர் பூசாரிக்குப் போகும். பட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரை மறுநாள் காலையில் மறுபடி வாய்க்குள் போகும், மறுபடி "வந்து" இறங்கும். பூசாரிகளைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. காளி கோயில் வாசலில் நிற்கிறவருக்கு மெட்டோகுளோப்ரமைடு பற்றித் தெரிந்திருக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. "ஒன்னும் செய்யாது" என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தவருக்கு அந்தக் கடமை இருக்கிறது. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இதற்குப் பென்ஸ்ட்ரோபின் போன்ற ஒரு ஊசி போதும், சில நிமிடங்களில் கழுத்து நேராகும். ஆனால் வலிப்பா, இழுப்பா, விஷமா என்று அங்கேயும் குழம்பாமல் இருக்க வேண்டுமென்றால் மாத்திரைப் பட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

இன்னொரு விளைவு இவ்வளவு நாடகத்தனமானது இல்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை. மருந்து ஏறிய சற்று நேரத்தில் உட்கார முடியாமல், நிற்க முடியாமல், தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம் போன்ற ஒரு தவிப்பு வரும். ஊசியை வேகமாக ஏற்றினால் இது கூடும். பதினைந்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினால் குறையும். கட்டிலை விட்டு இறங்கி வராந்தாவில் நடக்கும் நோயாளியை "ரொம்ப டென்ஷன் பார்ட்டி" என்று முடிவு கட்டுகிறார்கள்.

அடுத்த வாதம்தான் எல்லா வாதத்திலும் உறுதியாகச் சொல்லப்படுவது: "பத்து வருஷமா சாப்பிடறேன், எனக்கு ஒன்னும் ஆகலையே." ஒன்றும் ஆகவில்லையா, ஆனது தெரியவில்லையா என்று கேட்க வேண்டும். கிறுகிறுப்புக்கென்று ஸ்டெமெட்டிலைக் காலை மாலை வழக்கமாக்கிக்கொண்ட எழுபது வயதுக்காரரின் கையைப் பார்க்கலாம். காப்பிக் கோப்பை தட்டில் தடதடக்கிறது. நடை சுருங்கிக் கால் தேய்த்து நடக்கிறார். முகத்தில் சிரிப்பு வர நேரமாகிறது. சட்டைப் பொத்தான் போட மருமகள் வேண்டியிருக்கிறது. "வயசாச்சு" என்று வீடு முழுக்கச் சொல்லும். வயது காரணமாக இருக்கலாம், உண்மையான பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம். மருந்தால் வரும் பார்க்கின்சன் அறிகுறிகளும் இதே முகத்தோடுதான் வரும். வித்தியாசம் என்னவென்றால், மருந்தை நிறுத்தினால் இவை பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வே போதும். நியூ ஜெர்சியில் 65 வயது கடந்தவர்களை ஜெர்ரி ஏவோர்னும் குழுவினரும் கவனித்தார்கள். மெட்டோகுளோப்ரமைடு சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாகப் புதிதாகப் பார்க்கின்சன் மருந்தில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதாவது ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து. அந்தப் பார்க்கின்சன் மருந்தும் குமட்டலைக் கொண்டுவரும். குமட்டலுக்கு என்ன கொடுப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சங்கிலி கெடாவில் வேறொரு கண்ணியில் தொடங்குவதற்கு வாய்ப்பு அதிகம். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நீரிழிவுக்கு முதலில் தரும் மெட்ஃபார்மினே பலருக்கு வயிற்றைப் புரட்டும். அதைச் சாப்பாட்டோடு சாப்பிட்டால், அளவை மெதுவாக ஏற்றினால், அல்லது மெல்லக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைக் கேட்காமல் வாந்தி மாத்திரையைச் சேர்த்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பல வருட நீரிழிவில் இரைப்பையின் நரம்பு கெட்டு, காலையில் தின்றது மாலையில் வாந்தியாக வரும் நிலையும் உண்டு. அதற்கு மெட்டோகுளோப்ரமைடு நியாயமான மருந்து. அங்கேயும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடலிலேயே தேங்கும், அளவைக் குறைக்க வேண்டும். கிட்னி போய்விடும் என்று பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டவர், போய்க்கொண்டிருக்கும் கிட்னியோடு மாக்சலானை முழு அளவில் சாப்பிடுகிறார் என்பது இந்தக் கதையில் உள்ள பெரிய வேடிக்கை. சிரிக்கத்தான் முடியவில்லை.

எத்தனை நாள் சாப்பிடலாம் என்பதற்கு இப்போது தெளிவான பதில் இருக்கிறது. நீண்டகாலம் மெட்டோகுளோப்ரமைடு சாப்பிட்டவர்களுக்கு உதடு, நாக்கு, தாடை ஆகியவை தம் விருப்பத்துக்கு மென்று சுழலும் ஒரு கோளாறு வருகிறது, மருந்தை நிறுத்திய பிறகும் அது போகாமல் தங்கிவிடலாம். இதற்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-ல் தன் மிகக் கடுமையான கட்டம் போட்ட எச்சரிக்கையை அதன் மேல் வைத்தது. 12 வாரத்துக்கு மேல் கூடாது என்றது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் இன்னும் கறாராக இருந்தது. அதிகபட்சம் ஐந்து நாள், நாளுக்கு 30 மில்லிகிராம், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அறவே கூடாது. மொட்டிலியம் என்று தெரிந்த டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, கழுத்தைத் திருகுவது அபூர்வம். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் 2014-ல் அதையும் ஒரு வாரத்துக்குள் அடக்கினார்கள். ஐந்து நாள், ஒரு வாரம் என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்கும் மருந்தைப் பத்து வருஷம் என்று பெருமையாகச் சொல்வதை வாதம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

"டாக்டர் கொடுத்ததுதானே" என்பது அடுத்த அரண். டாக்டர் கொடுத்தது உண்மை. அவர் ஒரு ஆளுக்கு, ஒரு வயதுக்கு, மூன்று நாளுக்குக் கொடுத்தார். மலேசியத் தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுப்பவரும் எடுத்துக் கொடுப்பவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள், மருந்துச் சீட்டு நோயாளி கைக்கு வருவதே குறைவு. அவர் கைக்கு வருவது பை. அதில் "உபாட் மூந்தா, 3 காலி செஹாரி" (வாந்தி மருந்து, நாளுக்கு 3 தடவை) என்ற அளவில் படித்துவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். மருந்தின் பெயரைப் படிப்பதில்லை, பெயர் இல்லையென்றால் கேட்பதும் இல்லை. "கெனாலி உபாட் அண்டா" (உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்) என்று சுகாதார அமைச்சு 2007-லிருந்து இயக்கமே நடத்துகிறது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருந்தாளுநர்களைப் பயிற்றுவித்து வெளியே அனுப்புகிறது. சந்தேகம் கேட்கப் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. கேட்க ஆள் இல்லை என்று கெடாவில் யாரும் சொல்ல முடியாது.

மருந்தின் பக்க விளைவுகள் இவ்வளவு என்றால், அதன் விளைவே தீங்காகிவிடும் இடமும் உண்டு. வாந்தி நின்றுவிடுவது எப்போதும் நல்ல சேதி அல்ல. டெங்கி காய்ச்சலில் விடாத வாந்தியை அபாய அறிகுறிகளில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டியில் வைத்திருக்கிறது. காய்ச்சல் இறங்கி, வீட்டார் மூச்சு விட்டு, "தேவலை" என்று நினைக்கும் வேளையில்தான் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். அப்போது வரும் வாந்திக்கும் வயிற்று வலிக்கும் பிஸ்கட் டின் மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும். குடல்வால் அழற்சி, மூளையில் அழுத்தம், இனிப்புநீர் தலைக்கேறிய நிலை, பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே வரும் மாரடைப்பு என்று வாந்தியை முன்னனுப்பும் ஆபத்துகள் இன்னும் உண்டு.

தோட்டப் பெண்களுக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசியா பசிபிக்கும் 2002-ல் வெளியிட்ட தோட்ட ஆய்வு அவர்களுடைய நோவுகளைப் பதிவு செய்தது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண் எரிச்சல், நகம் அழுகுதல் என்று அந்தப் பட்டியல் போகும். அந்தக் களைக்கொல்லிகளில் ஒன்றான பராகுவாட் அந்த ஆண்டு தடை செய்யப்பட்டு, 2006-ல் மறுபடி உள்ளே விடப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடைக்கு வந்தது. அது தெரியாமல் வாய்க்குள் போனால் வெளியே வரட்டும் என்று, வாந்தியெடுக்க வைக்கும் ஒரு பொருளைத் தயாரிப்பாளர்களே அதில் கலந்து விற்றார்கள். அடித்து முடித்து லயத்துக்கு வந்து குமட்டுகிறது என்ற பெண்ணுக்கு வாந்தி மாத்திரை கொடுத்து மறுநாள் அதே காட்டுக்கு அனுப்பியதை வைத்தியம் என்று சொல்ல முடியாது. பராகுவாட் போனாலும் செம்பனைக் காட்டில் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. அடிக்கும் நாளில் மட்டும் குமட்டுகிறதா, லீவு நாளில் இல்லையா என்ற ஒரு கேள்வி, பத்து மாத்திரையைவிடப் பயன்படும்.

பிள்ளைகளின் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வேறு கதை. அங்கே கொல்வது வாந்தி இல்லை, நீர் வற்றுவது. 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே சாவு விகிதத்தை 30 விழுக்காட்டிலிருந்து 4-க்கும் கீழே இறக்கினார். இன்று பொட்டலமாகக் கிடைக்கும் அந்த ஓ.ஆர்.எஸ். நீரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று ஊட்டினால் வாந்தி எடுக்கும் பிள்ளையிடமும் பெரும்பகுதி தங்கும். ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் கொடுத்தால் ஒரே மூச்சில் திரும்பி வரும். 100 பிளஸ் அதற்கு ஈடாகாது, வற்றிய உடலுக்கு வேண்டிய உப்பு அதில் போதாது, சர்க்கரை கூடுதல்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒண்டான்செட்ரான் என்ற மருந்து டோபமைனைத் தொடுவதில்லை, செரோடோனின் என்ற வேறொன்றை மறிக்கிறது, அதனால் கழுத்துத் திருகல் அநேகமாக இல்லை. 1991-ல் புற்றுநோய் மருத்துவத்துக்காக வந்தது. கீமோதெராப்பி என்றாலே குடம் குடமாக வாந்தி என்றிருந்த காலத்தை அது மாற்றியது. 2006-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்த 215 பிள்ளைகளில் ஒரு வேளை ஒண்டான்செட்ரான் பெற்றவர்களில் 14 விழுக்காட்டினரே மறுபடி வாந்தி எடுத்தார்கள், பெறாதவர்களில் 35 விழுக்காடு. டிரிப் தேவைப்பட்டவர்களும் பாதிக்குக் குறைவு. நல்ல மருந்துதான். ஆனால் ஆய்வில் கொடுத்தது ஒரு வேளை, எடைக்கு ஏற்ற அளவு, டாக்டர் பார்த்த பிறகு. தலைவலியும் மலச்சிக்கலும் அதன் சாதாரண விளைவுகள். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது நீட்டக்கூடும் என்று தெரிந்ததும், நரம்பில் ஒரே முறையாக ஏற்றிய 32 மில்லிகிராம் அளவையே 2012-ல் அமெரிக்காவில் விலக்கிக்கொண்டார்கள்.

இதுவரை படித்தவர், "அப்படியென்றால் எதையுமே தொடாமல் இருப்பதே நல்லது" என்ற முடிவுக்கு வந்தால் இன்னொரு தவறுக்குள் காலை வைக்கிறார். அந்தத் தவறின் பாரம் முழுக்க மசக்கைக்காரிகள் தலையில் இறங்குகிறது. கிறுகிறுப்புக்குத் தினம் இரண்டு போடும் அதே மாமியார், மூன்று மாத மருமகள் பச்சைத் தண்ணீரைக்கூட வயிற்றில் வைத்திருக்க முடியாமல் சுருண்டு கிடக்கும்போது மருந்தைக் கையால் தொடவிடமாட்டார். "புள்ளைக்கு ஆகாது. நாங்கெல்லாம் மாத்திரை போட்டா பெத்தோம்?" இஞ்சி வரும், ஓமத்தண்ணீர் வரும், கோடாலித் தைலம் நெற்றியில் ஏறும். லேசான மசக்கைக்கு இஞ்சி ஓரளவு உதவுகிறது என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. விடாத வாந்திக்கு இஞ்சியும் வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

இந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு, தாலிடோமைடு. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் 10,000 குழந்தைகளுக்கு மேல் கைகால் குறைபாட்டோடு பிறந்தார்கள். அதை மறக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அந்தப் பயம் வேறொரு மருந்தின் மேல் விழுந்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். டாக்ஸிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த பெண்டெக்டின் மாத்திரை வழக்குகளின் சுமை தாங்காமல் 1983-ல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. பிறவிக் குறைகள் அதனால் குறையவில்லை. மசக்கை வாந்திக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்கள் கூடினார்கள். முப்பது ஆண்டு கழித்து 2013-ல் அதே இரண்டு மருந்துச் சேர்க்கைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் மறுபடி அனுமதி கொடுத்தது. ஒண்டான்செட்ரானைப் பற்றி 2018-ல் வந்த ஓர் ஆய்வு 18 லட்சம் கர்ப்பங்களைப் பார்த்தது. இதயக் குறை கூடவில்லை. உதடு, அண்ணப் பிளவு 10,000 பிறப்புக்குச் சுமார் மூன்று கூடியது. அதனால் அதை முதல் மூன்று மாதத்தில் முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் இப்படித்தான், எண்ணிப் பார்த்து.

"மனசு சரியில்ல, அதான் வாந்தி", "ரொம்ப செல்லம்" என்ற வசவுக்கும் 2023 டிசம்பரில் பதில் வந்துவிட்டது. நச்சுக்கொடியிலிருந்து இரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் மசக்கை வாந்தியின் முக்கியக் காரணம் என்று கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓராஹில்லியும் அமெரிக்காவின் மார்லினா ஃபெஜ்ஸோவும் நேச்சர் இதழில் காட்டினார்கள். கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களை அது கடுமையாகத் தாக்குகிறது. ஃபெஜ்ஸோ 1999-ல் தன் கருவை இதே வாந்தியில் இழந்தவர்.

மலேசியக் கர்ப்பிணிகளிடம் இளஞ்சிவப்பு அட்டை போட்ட பரிசோதனைப் புத்தகம் இருக்கும். கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸி அதில் எடையை எழுதுகிறார். 60 கிலோவில் தொடங்கிய பெண் 57-க்கு வந்திருந்தால் அது 5 விழுக்காடு இழப்பு, கடுமையான மசக்கை என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கும் எல்லை. அதற்கு முன்பே, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் தேயிலைச் சாயமாகப் போகிறது என்றால் பாடாங் செராயிலிருந்து கூலிம் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிவிடலாம். பல நாள் சாப்பிடாமல் கிடந்தவளுக்கு அங்கே குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயாமின், அதாவது வைட்டமின் பி1 கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. கூடப் போகிற கணவரோ மாமியாரோ எடை எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு, டிரிப் போடும்போது தயாமின் போட்டாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.